பெயரில்லாத வார்ப்பிரும்புச் சட்டி: செய்தவரைக் கண்டுபிடிப்பது எப்படி?

டென்னசி மாநிலத்தில் வசிக்கும் ஒருவரின் கேள்வி இது: "ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய வார்ப்பிரும்பு ஸ்கில்லெட் (கைப்பிடியுள்ள தட்டையான வறுவல் சட்டி) ஒன்று வாங்கினேன். கம்பெனிப் பெயர் எங்கும் இல்லை. கைப்பிடியில் 8 என்ற எண் இருக்கிறது. அடிப்புறத்தில் விளிம்பை ஒட்டி ஒரு வளையம் ஓடுகிறது. அது மூன்று இடங்களில் அறுந்திருக்கிறது. பக்கத்தில் 'டி' (D) என்ற ஆங்கில எழுத்து உள்ளது. விற்றவர் கிரிஸ்வோல்ட் கம்பெனிச் சட்டி என்றார். 'டி' என்று தொடங்கும் கம்பெனி ஏதாவது இருந்ததா? இதில் தோசை வார்க்கலாமா?"

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். அது லாட்ஜ் கம்பெனியின் சட்டி. உங்கள் மாநிலத்திலேயே, சவுத் பிட்ஸ்பர்க் என்ற சிற்றூரில் வார்க்கப்பட்டது. கிரிஸ்வோல்ட் இல்லை. 'டி' எந்தக் கம்பெனியின் முதலெழுத்தும் இல்லை. தோசைக்குக் கடைசியில் வருகிறேன்.

இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் அந்த மூன்று வெட்டுகள்தான். கைப்பிடி உங்களை நோக்கி இருக்கும்படி சட்டியைக் கவிழ்த்து வையுங்கள். கடிகார முகத்தில் கைப்பிடி 6 மணி என்று கொண்டால், வளையம் 9, 12, 3 மணி இடங்களில் அறுந்திருக்கும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லாட்ஜ் பல்லாயிரக்கணக்கில் வார்த்துத் தள்ளிய வடிவம் அது. 12 மணி இடத்தில் ஒரே ஒரு வெட்டு மட்டும் உள்ளவையும் உண்டு, அவை இன்னும் பழையவை. அமெரிக்கச் சந்தைகளில் கிடக்கும் பெயரில்லாத சட்டிகளில் இதைவிடச் சுலபமாக அடையாளம் காணக்கூடியது வேறு இல்லை. எல்லாச் சட்டியும் இப்படி ஒத்துழைக்காது என்பதால் மற்றவற்றையும் விரிவாகவே எழுதுகிறேன்.

பெயர் போடாமல் ஏன் விற்றார்கள் என்பதிலிருந்து தொடங்கினால் பல குழப்பங்கள் தீரும். அந்தக் காலத்தில் பெயருக்கு ஒரு விலை இருந்தது. பென்சில்வேனியா மாநிலம் ஈரி நகரத்தின் கிரிஸ்வோல்டும், ஒஹாயோ மாநிலம் சிட்னி நகரத்தின் வாக்னரும் தங்கள் முத்திரை பதித்த சரக்கைக் கூடுதல் விலைக்கு விற்றன. அதே ஆலையிலிருந்து மலிவு விலைச் சரக்கும் வெளியே போயாக வேண்டும். வன்பொருள் மொத்த வியாபாரிகளும், சியர்ஸ் போன்ற பெரிய தபால்வழி வியாபார நிறுவனங்களும் வாங்கிக் குவித்தது அதைத்தான். மலிவுச் சரக்கில் முத்திரையைப் போட்டால் விலை உயர்ந்த சரக்கின் மதிப்பு இறங்கிவிடும். ஆகவே சில சட்டிகள் வாங்கிய கடையின் பெயரைத் தாங்கின, சில எந்தப் பெயரையும் தாங்கவில்லை. தெற்கத்திய ஆலைகளான லாட்ஜும் பர்மிங்காம் ஸ்டவ் அண்ட் ரேஞ்சும் இதில் இன்னும் தாராளம். பல பத்தாண்டுகள் பெயரைப் பற்றிப் பெரிதாக அலட்டிக்கொள்ளாமல் வார்த்துக்கொண்டே இருந்தன. எனவே பெயரில்லாத சட்டி என்றால் யாரோ ஊர்க்கொல்லர் கைவேலை என்று எண்ணிவிட வேண்டாம். பெரும்பாலும் அது ஏதோ ஒரு பெரிய ஆலையின் சாதாரணச் சரக்கு.

இன்னொன்றையும் முதலிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் சட்டிக்கு உண்மையிலேயே பெயர் இல்லையா, இருந்த பெயர் அழிந்துவிட்டதா? நிலக்கரி அடுப்பில் பல ஆண்டுகள் இருந்த சட்டியின் அடிப்புறத்தைக் கரியிலுள்ள கந்தகம் அரித்துவிடும். அம்மைத் தழும்பு போலப் புள்ளிப் புள்ளியாகக் குழி விழுந்திருந்தால், அங்கே ஒரு காலத்தில் முத்திரை இருந்திருக்கலாம். அரை அங்குலக் கரிப்படிவத்தின் அடியில் முழு முத்திரையும் பத்திரமாக இருப்பதும் உண்டு. சுத்தம் செய்யாத சட்டியைப் பார்த்து யார் எந்தக் கம்பெனி என்று சொன்னாலும் நம்பாதீர்கள், நான் சொன்னாலும்கூட.

சுத்தம் செய்ய இரண்டு வழிகளைத்தான் நான் சிபாரிசு செய்வேன். ஒன்று, பிளாஸ்டிக் தொட்டியில் காஸ்டிக் சோடாக் கரைசல். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அலுமினியம் பக்கத்திலேயே வரக் கூடாது. காஸ்டிக் சோடா கரியையும் பழைய எண்ணெய்ப் படிவத்தையும் கரைக்கும், இரும்பைத் தொடாது. மற்றது மின்பகுப்பு: சலவைச் சோடா கரைத்த நீர், பேட்டரி சார்ஜர், எதிர்ப்பக்கம் தொங்கவிட ஒரு சாதாரண இரும்புத் தகடு. துருவையும் சேர்த்து நீக்கும். அந்தத் தகட்டுக்குத் துருப்பிடிக்காத எஃகைப் பயன்படுத்தினால் நச்சுத்தன்மையுள்ள குரோமியச் சேர்மம் நீரில் இறங்கும், அதைச் செய்யாதீர்கள். வினிகரில் ஊறப்போடுவது துருவுக்குப் பலன் தரும், ஆனால் நேரத்தைக் கவனிக்காமல் விட்டால் இரும்பையே தின்னும். சட்டியைத் திறந்த நெருப்பில் போட்டு எரிக்கும் வழக்கம் இருக்கிறதே, அதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். சட்டி கோணும், சில நேரம் வெடிக்கும், மேற்பரப்பு செம்மை படிந்து எண்ணெய் பிடிக்காமலே போய்விடும்.

சுத்தமான பிறகு விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விட்டு நிற்கும். அப்போதும் தெளியவில்லை என்றால் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுங்கள்.

இனி உங்களைக் குழப்பிய அந்த எழுத்து. வார்ப்பிரும்புச் சட்டி மணல் அச்சில் பிறக்கிறது. முதலில் சட்டியின் வடிவில் ஒரு மாதிரி செய்வார்கள். இரண்டு பாதிகளாகப் பிரியும் பெட்டியில் ஈர மணலைக் கெட்டித்து, மாதிரியை வைத்து எடுத்தால் உள்ளே பள்ளம் நிற்கும். உருக்கிய இரும்பு அந்தப் பள்ளத்தை நிரப்பும். ஒரே அளவுக்குப் பல மாதிரிகள் ஒரே சமயத்தில் புழக்கத்தில் இருக்கும். எந்தச் சட்டி எந்த மாதிரியிலிருந்து வந்தது என்று தெரிந்தால்தான், குறையுள்ள சட்டிகள் தொடர்ந்து வரும்போது பழுதான மாதிரியை நிறுத்த முடியும். அதற்காக ஒவ்வொரு மாதிரிக்கும் ஓர் எழுத்து. 8ஆம் எண் சட்டியில் 'ஏ', 'பி', 'டி' என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். எழுத்தை வைத்துக் கம்பெனிப் பெயரைத் தேடுவது, பஸ்ஸின் தட எண்ணைப் பார்த்து ஓட்டுநரின் பெயரை ஊகிப்பதுபோல.

இதோடு சேர்த்து இன்னொரு வகைக் குறியும் உண்டு. கோணல்மாணலாகப் புடைத்து நிற்கும் ஓர் எழுத்து, ஒரு கோடு, ஒரு புள்ளி. இது மாதிரியில் இருந்ததில்லை. அச்சுக் கட்டும் தொழிலாளி மணலில் கையால் கீறியது. மணலில் பள்ளமாகக் கீறியது வார்ப்பில் புடைப்பாக வரும். எண்ணிக்கைக்குக் கூலி வாங்கியவர் தன் சரக்கை அடையாளம் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். நேர்த்தியான எழுத்து மாதிரியிலிருந்து வந்தது, கிறுக்கலான புடைப்பு கையிலிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

எண் 8 என்பதும் அங்குலக் கணக்கு இல்லை. விறகடுப்பு, கரியடுப்புகளின் மேற்பலகையில் வட்டக் கண்கள் இருக்கும். எண் 8 கண்ணில் பொருந்தும் சட்டி எண் 8. வாயகலம் ஏறக்குறைய பத்தரை அங்குலம் வரும். அடியிலுள்ள வளையமும் அந்த அடுப்புகளுக்காகத்தான். சட்டி அசையாமல் உட்காரவும், அடிப்பரப்பு மேற்பலகையை முழுதாகத் தொடாமல் இருக்கவும் உதவியது. எரிவாயு, மின் அடுப்புகள் பரவியபின் வளையம் தேவையற்றதாகி, வழவழப்பான அடி பெருகியது. ஆனால் வளையம் இருந்தாலே நூறு வயது என்று முடிவுகட்ட வேண்டாம். லாட்ஜ் அதை வெகுகாலம் விடவில்லை.

லாட்ஜின் கதை சுருக்கமாக: ஜோசப் லாட்ஜ் 1896இல் தொடங்கிய ஆலைக்கு முதலில் பிளாக்லாக் என்று பெயர். 1910இல் அது தீக்கிரையானது. சில தெருக்கள் தள்ளி, லாட்ஜ் என்ற பெயரில் மறுபடி எழுந்தது. இன்றும் அதே ஊரில் வார்த்துக்கொண்டிருக்கிறது. பிந்தைய சட்டிகளில் '8 எஸ்கே' என்பதுபோல எண்ணும் 'எஸ்கே' என்ற இரண்டு எழுத்துகளும் வந்தால், பெயர் இல்லாவிட்டாலும் அது லாட்ஜ்தான். ஸ்கில்லெட்டுக்கு அவர்கள் வைத்த சுருக்கக் குறி அது.

லாட்ஜோடு அதிகம் குழம்புவது பர்மிங்காம் ஸ்டவ் அண்ட் ரேஞ்ச். சேகரிப்பவர்கள் பி.எஸ்.ஆர். என்று சுருக்கிச் சொல்வார்கள். அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரம் இரும்புத் தாது, நிலக்கரி, சுண்ணாம்புக்கல் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்ததால் வளர்ந்த ஊர். தாது வெட்டப்பட்ட குன்றின் பெயர் ரெட் மவுண்டன். இந்த ஆலையின் பழைய வரிசைக்குச் சேகரிப்பவர்கள் வழங்கும் பெயரும் அதுதான். 1930களிலிருந்து 1950கள் வரை வந்த ரெட் மவுண்டன் சட்டிகளில் எங்கும் அறுபடாத முழு வளையம் இருக்கும். எண்ணை ஒட்டி ஓர் எழுத்தும் வரும். ஆனால் நான் முதலில் பார்ப்பது கைப்பிடியின் அடிப்பக்கத்தைத்தான். அங்கே நீளவாக்கில் ஒரு முகடு ஓடும். மற்ற ஆலைகளின் சட்டிகளில் அந்த முகடு சட்டியை நெருங்கும்போது மெலிந்து மறையும். பர்மிங்காம் சட்டியில் மெலியாமல் சுவர் வரைக்கும் நேராகச் சென்று முட்டும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே சொல்லிவிடலாம்.

1950களின் பிற்பகுதியில் அதே ஆலை தொடங்கிய செஞ்சுரி வரிசையில் வளையம் கிடையாது. எண்ணோடு அங்குல அளவும் பொறித்திருப்பார்கள். இங்கேதான் சேகரிப்பவர்கள் வாய்ப்பாடு போல வைத்திருக்கும் ஒரு கணக்கு உதவுகிறது. எண் 8 சட்டியின் அளவு 10 5/8 அங்குலம் என்று இருந்தால் பர்மிங்காம். 10 1/2 என்று இருந்து 'இன்ச் ஸ்கில்லெட்' என்ற சொற்களும் தொடர்ந்தால் பெரும்பாலும் வாக்னர். 10 1/4 என்றால் லாட்ஜ். ஒரே கண்ணுக்குப் பொருந்திய சட்டிகளை மூன்று ஆலைகளும் எட்டில் ஒரு பங்கு, கால் அங்குலம் என்ற சிறு வித்தியாசங்களில் செய்தது நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம். இந்தக் கணக்கை அளவு பொறித்த சட்டிகளுக்குத்தான் பயன்படுத்த வேண்டும். நீங்களே நாடாவை வைத்து அளந்து எட்டில் ஒரு பங்கை நிச்சயிப்பது கஷ்டம், கோணிய சட்டியாக இருந்தால் இன்னும் மோசம். பர்மிங்காம் ஆலை 1990களின் தொடக்கத்தில் மூடப்பட்டது.

வாக்னர் 1891இல் தொடங்கியது. முத்திரை உள்ள அதன் ஸ்கில்லெட்டுகளில் நான்கு இலக்கப் பட்டியல் எண் ஒன்று இருக்கும். எண் 8 சட்டிக்கு 1058, எண் 6க்கு 1056, எண் 3க்கு 1053 என்று கடைசி இலக்கம் சட்டியின் எண்ணோடு ஒத்துப்போகும். இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. கிரிஸ்வோல்டும் 1940களில் பெயரில்லாத ஒரு மலிவு வரிசையை வார்த்தது. அயர்ன் மவுண்டன் என்று அதற்குப் பெயர் வழங்குகிறது. அதிலும் அடிப்புறத்தில் நான்கு இலக்க எண்தான், அதுவும் 10 என்றுதான் தொடங்கும். ஆனால் அவை 1030களில் வரும் மாதிரி எண்கள், கடைசி இலக்கத்துக்கும் சட்டியின் எண்ணுக்கும் ஒட்டுறவு கிடையாது. முத்திரை அரித்துப்போன வாக்னரையும் அயர்ன் மவுண்டனையும் பிரிக்க இந்த ஒரு சோதனை போதும். அயர்ன் மவுண்டனின் கைப்பிடி வடிவமும், அதிலுள்ள எண்ணின் எழுத்துவாகும் தனி ரகம். ஒன்றை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால் பிறகு தூரத்திலிருந்தே தெரியும். ரெட் மவுண்டன், அயர்ன் மவுண்டன் என்ற இரண்டு பெயர்களையும் மாற்றிப் போட்டு விற்பவர்கள் நிறைய. சிலர் அறியாமல் செய்கிறார்கள், சிலர் நன்றாக அறிந்தே செய்கிறார்கள். பர்மிங்காம் சட்டியைவிடக் கிரிஸ்வோல்ட் ஆலையின் சட்டி என்றால் விலை கூடும் அல்லவா?

உங்களுக்கு விற்றவர் விஷயமும் அப்படித்தான் இருக்க வேண்டும். பழைய சட்டி விற்பவர் வாயில் எல்லாமே கிரிஸ்வோல்ட்தான். பெயரில்லாமல் கிரிஸ்வோல்ட் வார்த்தது உண்மை, ஆனால் அவற்றில் மேலே சொன்ன நான்கு இலக்க எண் இருக்கும். மூன்று வெட்டு வளையத்தோடு, அந்த நான்கு இலக்க எண் இல்லாத சட்டியை அந்தப் பெயரில் விற்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஈரி ஆலை 1957இல் மூடப்பட்டது. பிறகு அந்தப் பெயர் கைமாறி வாக்னரை வைத்திருந்தவர்களிடமே போய்ச் சேர்ந்தது. எதிரிகளாக இருந்த இரு முத்திரைகளும் ஒரே சட்டியின் அடியில் சேர்ந்து நிற்கும் பிற்காலச் சரக்கைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

விஸ்கான்சின் மாநிலம் ஷிபாய்கன் நகரத்து வோல்ராத் சட்டிகள் அபூர்வம், ஆனால் கண்டுபிடிப்பது மிகச் சுலபம். அடிப்புறத்திலுள்ள எண் பக்கவாட்டில் படுத்திருக்கும், அதற்கு ஓர் அடிக்கோடும் இருக்கும். வேறு யாரும் அப்படிச் செய்யவில்லை.

ஒஹாயோவின் மேற்குப் பகுதி ஒரு தனி உலகம். சிட்னியில் வாக்னர், தெற்கே பிக்குவாவில் ஃபேவரிட், வடக்கே வாபகோனெட்டாவில் வாபக் என்று சில மணி நேர வண்டிப் பயணத்துக்குள் மூன்று ஆலைகள். இதில் வாபக் 1903 முதல் 1926 வரைதான் இயங்கியது. இந்த வட்டாரச் சட்டிகளில் கைப்பிடியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது ஆபத்து, ஏனென்றால் மாதிரிகள் ஆலைக்கு ஆலை சுத்தமாகப் பிரிந்திருக்கவில்லை. வாபக் சட்டிகள் சிலவற்றின் அடியில், அதன் சொந்த முத்திரைக்குக் கீழே 'ஈரி' என்ற எழுத்துகள் ஆவி போல மங்கலாகத் தெரியும். ஈரி என்று பெயர் பொறித்த கிரிஸ்வோல்ட் சட்டியையே மாதிரியாக வைத்து வார்த்ததன் அடையாளம் அது. பழைய பெயரை நிரப்பி மறைக்கப் பார்த்தார்கள், முழுதாக மறையவில்லை. இந்த ஆவிக்குறிகளுக்காகவே அலைகிற சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். பெயரில்லாத சட்டியில் இப்படி ஒரு மங்கல் எழுத்து தெரிந்தால், அது செய்தவரின் பெயரா, செய்தவர் நகலெடுத்தவரின் பெயரா என்று ஒரு கணம் நிதானியுங்கள்.

நகல் என்றதும் அளவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான். உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்பு அடிக்கு எட்டில் ஒரு பங்கு அங்குலம், அதாவது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று சுருங்கும் என்பது மாதிரி செய்யும் தச்சர்களின் பாலபாடம். அதனால் அவர்கள் சாதாரண அளவுகோலைத் தொடவே மாட்டார்கள். சுருக்கத்தையும் கணக்கில் சேர்த்துக் கோடு போட்ட தனி அளவுகோல் அவர்களிடம் இருக்கும். மாதிரிக்குப் பதில் ஏற்கெனவே வார்த்த சட்டியையே மணலில் அழுத்தி நகலெடுப்பவருக்கு இந்தச் சலுகை இல்லை. பத்தரை அங்குலச் சட்டியின் நகல் பத்தில் ஒரு பங்கு அங்குலம் குறைந்தே தீரும், கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மில்லிமீட்டர். அந்த நகலுக்கு இன்னொரு நகல் எடுத்தால் மேலும் குறையும். போலிகளைப் பிடிக்க இதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. எழுத்தைப் போலி செய்யலாம், பழமையைப் பூசலாம், சுருக்கத்தை ஏமாற்ற முடியாது. பிடிபட்ட போலிகளில் அதிகம் சின்ன அளவுகள்தான், குறிப்பாகப் பொம்மைச் சட்டி போன்ற எண் 0 கிரிஸ்வோல்ட். சொரசொரப்பான பரப்பு, மழுங்கிய எழுத்து, சாணைக்கல் கீறல் தாறுமாறாக ஓடிய விளிம்பு ஆகியவை அவற்றின் கூடுதல் அடையாளங்கள்.

உள்பரப்பையும் தடவிப் பாருங்கள். பழைய ஈரி, சிட்னி சட்டிகளின் உட்புறத்தைக் கடைந்து மெருகேற்றினார்கள். கண்ணாடி போல இருக்கும், வெளிச்சத்தில் மட்டும் மெல்லிய வட்டக்கோடுகள் தெரியும். சுவரும் மெல்லியது. எடை நான்கு, நாலரை பவுண்டு இருக்கும். இன்றைய 10 1/4 அங்குல லாட்ஜ் ஐந்து பவுண்டைத் தாண்டும், உள்பரப்பும் மணல் மணலாக இருக்கும். 2002 முதல் ஆலையிலேயே எண்ணெய் பூசிப் பழக்கி விற்கத் தொடங்கியதால், பழைய காலத்து மெருகு தேவை என்று அவர்கள் நினைக்கவில்லை. தைவான், கொரியாவிலிருந்து வந்த சட்டிகள் பலவற்றில் நாட்டின் பெயர் ஒட்டுத்தாளில் மட்டுமே இருந்தது. தாள் உரிந்ததும் அவையும் பெயரில்லாத பழஞ்சட்டிக் கூட்டத்தில் கலந்துவிட்டன. உள்ளே முரட்டுத்தனமாக அரைத்த தடம், தடித்த சுவர், எந்த அமெரிக்க ஆலையோடும் ஒத்துவராத கைப்பிடித் துளை என்று மூன்றும் சேர்ந்தால் அந்தப் பக்கம் சந்தேகப்படலாம்.

அடியில் ஒரு நீளத் தழும்பு, அதாவது நடுவில் குறுக்காக ஓடும் தடித்த வெட்டுக்கோடு இருந்தால் நீங்கள் வேறு யுகத்தில் இருக்கிறீர்கள். உருக்கிரும்பை அடிப்பக்கத்தின் வழியே ஊற்றி, உறைந்தபின் மிச்சத்தை உடைத்தெடுத்த இடம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பக்கவாட்டில் ஊற்றும் முறை வந்ததும் இந்தத் தழும்பு மறைந்தது. வட்டத் தழும்பு என்றால் இன்னும் முந்தியது. இவ்வகைச் சட்டிகளைச் செய்தவர் யார் என்று தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அப்போது நூற்றுக்கணக்கான சிறு வார்ப்பாலைகள் இருந்தன, பெயர் பொறிக்கும் பழக்கம் அரிது. வயதைச் சொல்லலாம், ஆளைச் சொல்ல முடியாது.

உங்கள் சட்டியின் வயது? 'மேட் இன் யுஎஸ்ஏ' என்ற சொற்கள் இருப்பதாக நீங்கள் சொல்லவில்லை. அந்தச் சொற்கள் பெரும்பாலும் 1960 அல்லது அதற்குப் பிந்தைய சட்டிகளில்தான் வரும். ஆகவே உங்களுடையது 1940களுக்கும் 1950களுக்கும் இடைப்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இதைவிடத் துல்லியமாக ஆண்டைச் சொல்பவரிடம் ஆதாரம் கேளுங்கள். லாட்ஜ் ஆண்டைப் பொறித்து வார்க்கவில்லை.

சமைப்பதற்கு முன் ஒரே ஒரு சோதனை, இதில் சமரசம் வேண்டாம். ஈயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகும். வேட்டைக்காரர்கள் தோட்டா வார்க்கவும் மீன்பிடிப்பவர்கள் தூண்டில் குண்டு வார்க்கவும் பழைய இரும்புச் சட்டியில்தான் ஈயத்தை உருக்கினார்கள். கிராமப்புறச் சந்தைகளில் கிடைக்கும் சட்டிகளில் இந்த ஆபத்து கற்பனை இல்லை. வன்பொருள் கடைகளில் ஈயச் சோதனைப் பஞ்சு கிடைக்கும். சட்டியைச் சூடாக்குவதற்கு முன்பே, சுத்தம் செய்யும்போதே உள்ளும் புறமும் தேய்த்துப் பாருங்கள். நிறம் மாறினால் அது சுவரில் மாட்டும் பொருள். எந்த ரசாயனமும் அதைச் சமையலுக்கு மீட்டுத் தரும் என்று நம்பி முயல வேண்டாம்.

சோதனையில் தேறினால் தோசை தாராளமாக வரும். ஆனால் ஸ்கில்லெட்டின் சுவர் இரண்டு அங்குல உயரம் என்பதால், தோசைத் திருப்பியைத் தாழ்வாக நுழைக்க முடியாமல் ஓரம் கிழியும். ஊத்தப்பத்துக்கும் அடைக்கும் அந்தச் சிக்கல் குறைவு. சமதள மின் அடுப்பில் வைப்பதானால் வளையம் காரணமாக நடுப்பகுதி கண்ணாடியைத் தொடாது. சூடேற நேரமாகும், தீயைக் கூட்டி அவசரப்படுத்தினால் சட்டி கோணும். எரிவாயு அடுப்பில் இந்தத் தொல்லை கிடையாது. தோசைக்கென்றே தேடுவதானால் அடுத்த முறை சந்தையில், இதே ஆலைகள் வார்த்த வட்ட கிரிடிலைக் கேளுங்கள். ஸ்கில்லெட் போன்ற கைப்பிடி, அரை அங்குலம்கூட இல்லாத விளிம்பு. சேகரிப்பவர்கள் ஸ்கில்லெட்டைத் தேடும் அளவுக்கு அதைத் தேடுவதில்லை, அதனால் விலையும் குறைவு. பெயரில்லாமல்தான் பெரும்பாலும் கிடைக்கும். திருப்பிப் போட்டு, கைப்பிடியின் அடி முகட்டில் விரலை ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.